நோயாளியின் தகவலும் நர்ஸின் பொறுப்பும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நர்ஸ் வேலை பார்க்கும் ஒருவராவது பந்தியில் இருப்பார். நானும் அப்படி ஒருத்தி. வார்டு வேலையிலிருந்து நோயாளிப் பதிவுகளைக் கவனிக்கும் வேலைக்கு மாறியதிலிருந்து, இலை போட்டு உட்கார்ந்தாலும் நோயாளியின் தகவலைப் பற்றிய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பயிற்சி மாணவிகள், காலமெல்லாம் காகிதத்தில் எழுதிப் பழகிய மூத்த சிஸ்டர்கள், சில சமயம் நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும். சட்டம் என்று வரும் இடமெல்லாம் தென்னாப்பிரிக்கச் சட்டம்தான்.

1. செவிலியர் தகவலியல்னா என்ன சிஸ்டர்? கம்ப்யூட்டர் கிளாஸ்தானே?

கம்ப்யூட்டர் அதில் ஒரு கருவி, அவ்வளவுதான். 1989இல் கிரேவ்ஸ், கோர்கொரன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். செவிலியர் அறிவியல், தகவல் அறிவியல், கணினி அறிவியல் மூன்றும் சேர்ந்து, நர்ஸின் கையில் வரும் தரவைத் தகவலாகவும் அறிவாகவும் மாற்ற உதவுவதுதான் இந்தத் துறை என்றார்கள். ‘விவேகம்’ என்ற நான்காவது படி பிறகு சேர்ந்தது.

வார்டில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ரத்த அழுத்தம் 88/50 என்பது வெறும் எண். நாடி 124, அறுவை முடிந்து நான்கு மணி நேரம், சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரமாக எதுவும் ஏறவில்லை என்பதையெல்லாம் பக்கத்தில் வைத்தால் அது தகவல். ‘உள்ளே ரத்தம் கசிகிறது போல’ என்று தோன்றுவது அறிவு. டாக்டரை இப்போதே எழுப்புவதா, அளவைக் கையால் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுப்புவதா என்று முடிவெடுப்பது விவேகம். அந்த எண்கள் நான்கும் நான்கு வெவ்வேறு தாளிலோ திரையிலோ சிதறிக் கிடந்தால் மூன்றாவது படிக்கே யாரும் வரமாட்டார்கள். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இலேயே இதைச் செய்துவிட்டார். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை வட்ட வரைபடமாக வரைந்து காட்டினார். அவரிடம் கம்ப்யூட்டர் இருக்கவில்லை.

2. அதெல்லாம் ஐடி ஆளுங்க வேலையாச்சே? நமக்கு எதுக்கு?

நெட்வொர்க் போனால் ஐடி ஆள் வருவார். ஆனால் படுக்கையோரம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஓர் உதாரணம். வலி மதிப்பெண்ணை நிரப்பாமல் பக்கத்தைச் சேமிக்க விடாத மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், கேட்டால் பதில் வராது. நர்ஸ் என்ன செய்வார்? 0 என்று போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். மாத முடிவில் அறிக்கையில் ‘வலி இல்லாத நோயாளிகள்’ கூடியிருப்பார்கள். ‘மதிப்பிட முடியவில்லை’ என்று ஒரு தேர்வு வேண்டும் என்பதை ஒரு நர்ஸ்தான் சொல்ல முடியும். அதனால் புது சிஸ்டம் வாங்கும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டாலும் கேட்டுப் போங்கள்.

3. எங்க கிளினிக்ல இன்னும் பேப்பர்தான். எங்களுக்கும் இது பொருந்துமா?

கட்டாயம் பொருந்தும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் பதிவுகளைக் காக்கச் சொல்கிறது. காகிதத்துக்கு ஒரு நியாயம், திரைக்கு ஒரு நியாயம் கிடையாது. நம் ஊரே கலவைதான். இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை 2002இல் காகிதமில்லா மருத்துவமனையாகவே தொடங்கியது. அதே டர்பனில் பழைய ஃபைல் கட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கும் இடங்களும் இருக்கின்றன.

கிளினிக்கில் நீங்கள் டிக் போடும் பதிவேடு எங்கே போகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாத மொத்தம் மாவட்ட சுகாதாரத் தகவல் அமைப்புக்குப் போகிறது. அந்த மென்பொருள் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1990களில் கேப் டவுன் பக்கம் பிறந்தது. சிதறிக் கிடந்த சுகாதாரத் துறைகளை ஒன்றாக்கும்போது, எந்த ஊரில் எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்பதற்கே ஒழுங்கான கணக்கு தேவைப்பட்டது. இன்று உலகின் பல நாடுகள் அதன் வாரிசைப் பயன்படுத்துகின்றன. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்து நினைவிலிருந்து மொத்தமாக டிக் போட்டால், அடுத்த ஊசிமருந்து ஒதுக்கீடும் அந்த நினைவை நம்பித்தான் வரும்.

4. சாட்ஸ்வொர்த்ல எத்தனை கோவெண்டர்! பேரைச் சொன்னதும் ஃபைலை எடுத்தா தப்பா?

தப்புதான், அதுவும் நம்மிடையே பெரிய தப்பு. 1860 முதல் கப்பலில் வந்த நம் முன்னோர் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் ஒரே வம்சத்தில் ஒருவர் மூட்லி, இன்னொருவர் வேறு எழுத்துக்கூட்டலில் முதலி. கோவெண்டர், பிள்ளை, செட்டி என்று காத்திருப்போர் வரிசையில் ஒரே பெயரில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துக்கூட்டல் மாறியதால் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் உருவாவதும், ஒரே பெயர் என்பதால் இரண்டு பேர் ஒரு ஃபைலில் கலப்பதும் நடக்கும். இரண்டாவது வகைதான் பயங்கரம். பெனிசிலின் ஒவ்வாமை இன்னொருவர் ஃபைலில் இருக்கும், ஊசி இவருக்கு ஏறும்.

‘நீங்க மிஸஸ் கோவெண்டரா?’ என்று கேட்காதீர்கள். காது மந்தமான ஆயா எதற்கும் ‘ஆமாம்மா’ என்பார். ‘உங்க முழுப் பேர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க’ என்று அவர் வாயால் வரவையுங்கள். பிறகு 13 இலக்க அடையாள எண்ணோடு ஒப்பிடுங்கள். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000க்குக் கீழே என்றால் பெண், 5000 முதல் ஆண். எண்ணே இவ்வளவு சொல்வதால், அதைச் சத்தம் போட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி படிக்கவும் கூடாது.

5. ஃபாரத்துல ‘இனம்’னு ஒரு கட்டம். இந்தக் காலத்துலயும் அதை ஏன் நிரப்பணும்?

கேட்பவர் கோபத்தோடு கேட்கிறார் என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை ஒட்டியது. அதை 1991இல்தான் நீக்கினார்கள். மேலே சொன்ன அடையாள எண்ணிலேயே ஒரு காலத்தில் இனக்குறி இருந்தது. ஒரு கட்டத்தை நிரப்பியதால் எங்கே வாழலாம், எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவான நாடு இது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்றைக்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: யாருக்குச் சிகிச்சை சரியாகக் கிடைக்கவில்லை என்று கண்டுபிடிப்பது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே எடுங்கள். 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், கருவி ‘ஆக்சிஜன் போதும்’ என்று காட்டியும் ரத்தத்தில் உண்மையில் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. இனம் பதிவாகியிருந்ததால்தான் இது வெளியே வந்தது. ஆகவே நிரப்பச் சொல்லும் நிர்வாகத்திடம் ‘எதற்கு’ என்று கேளுங்கள். நோயாளியிடம் காரணம் சொல்லி அவரையே கேளுங்கள். முகத்தைப் பார்த்து நீங்களே டிக் போடுவது பழைய அதிகாரி செய்த வேலை.

6. எதுக்கெடுத்தாலும் போப்பியாங்கிறாங்களே, அது என்ன சொல்லுது?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2013இல் இயற்றப்பட்டது, முக்கியப் பிரிவுகள் 1 ஜூலை 2020 அன்று அமலுக்கு வந்தன, ஓராண்டு அவகாசம் கொடுத்து 1 ஜூலை 2021 முதல் கட்டாயமானது. உடல்நலத் தகவல், இனம் இரண்டுமே அதில் ‘சிறப்பு’ வகை. தேவைக்கு மேல் சேகரிக்காதே, சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்து, பத்திரமாக வை, தவறு இருந்தால் திருத்த வழி கொடு என்பதுதான் சாரம். நிறுவனத்துக்கு 1 கோடி ராண்ட் வரை அபராதம் வரலாம்.

இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி நோயாளிக்கே அவருடைய ரிசல்ட்டைத் தர மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை இதே சட்டத்தில் இருக்கிறது.

7. பாஸ்வேர்டை அடுத்த சிஸ்டருக்குக் குடுத்தா என்ன? வார்டே ஒரே குடும்பம்தானே?

குடும்பம்தான். ஆனால் மார்ஃபின் கொடுத்ததாக உங்கள் பெயரில் பதிவானால், விசாரணையில் குடும்பம் வந்து பதில் சொல்லாது. யார், எந்த ஃபைலை, எத்தனை மணிக்குத் திறந்தார், என்ன மாற்றினார் என்று சிஸ்டம் ஒரு தடம் வைத்திருக்கும். பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் அந்தத் தடம் பொய்யாகிவிடும். நாளை உங்களைக் காப்பாற்ற வேண்டியதும் அதே தடம்தான்.

பழியை நர்ஸ் மேல் மட்டும் போடவும் எனக்கு மனமில்லை. இரவு ஷிஃப்டுக்கு ஏஜென்சி நர்ஸ் வருவார், அவருக்கு லாகின் இருக்காது, ஐடி அலுவலகம் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். மருந்து நேரம் பத்து மணி. அவர் என்னதான் செய்வார்? மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டைப் பார்த்தால், சோம்பேறித்தனம் என்று சொல்லும் முன் அந்த வார்டில் தற்காலிக லாகின் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அதை எழுத்தில் கேட்டு வாங்குவது யூனிட் மேனேஜரின் கடமை.

8. மாமியார் வீட்டுச் சொந்தம் அட்மிட் ஆனா ஃபைலைத் திறந்து பாக்கலாமா? நல்லதுக்குத்தானே கேக்கறாங்க?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கோவிலில், பிறந்தநாள் விருந்தில், போனில், ‘அவளுக்கு என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா’ என்பார்கள். கூடாது. தேசிய சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பணியாளர் தன் வழக்கமான பணிக்குள், நியாயமான நோக்கத்துக்காக, நோயாளியின் நலனுக்காகத்தான் பதிவைப் பார்க்கலாம் என்கிறது. நான் இதை ஒரு கேள்வியாக மாற்றி வைத்திருக்கிறேன்: ‘இன்றைக்கு இந்த ஷிஃப்டில் இவரைக் கவனிக்க எனக்கு இது தேவையா?’ இல்லை என்றால் திறக்காதீர்கள். உங்கள் சொந்த ஃபைலுக்கும் இதே விதிதான், நோயாளியாக முறைப்படி கேட்டு வாங்குங்கள்.

வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். ‘திறந்தா என் பேர் பதிவாகும் அத்தை, வேலை போயிடும்’ என்று சொல்லுங்கள். உரிமை, நெறி என்று விளக்குவதைவிட நம்மவர்களிடம் இது எடுபடும். பொய்யும் இல்லை.

9. வார்டு வாட்ஸ்அப் குரூப்ல பேரை மறைச்சுட்டு காயத்து போட்டோ போடலாமா?

பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவாரா? படத்தை நிதானமாகப் பாருங்கள். கழுத்தருகே உள்ள காயம் என்றால் மஞ்சள் தாலிக்கயிறும் அதில் கோத்த உருவும் தெரியும். கையில் பச்சை குத்தியிருக்கும். படுக்கை எண் ஓரத்தில் இருக்கும். குரூப்பில் இருக்கும் இருபது பேரில் ஒருவருக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்தால் போதும். படம் உங்கள் போனில் மட்டும் நிற்பதும் இல்லை. பலர் போனில் தானாகவே ஆன்லைன் சேமிப்புக்கு ஏறிவிடும், வீட்டில் பிள்ளை கேலரியைத் திறந்தால் அங்கேயும் இருக்கும்.

‘ஒருபோதும் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தூரத்துக் கிராமக் கிளினிக்கில் தனியாக நிற்கும் நர்ஸ் ஒரு தீக்காயத்தைப் படமெடுத்து டர்பன் டாக்டருக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றுவதும் உண்டு. மருத்துவமனை அனுமதித்த செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத அவசரத்தில், நோயாளியிடம் கேட்டு, காயத்தை மட்டும் நெருக்கமாக எடுத்து, ஒரே டாக்டருக்கு அனுப்புங்கள். குரூப்புக்கு வேண்டாம். அவர் சொன்ன ஆலோசனையை நேரத்தோடு ஃபைலில் எழுதுங்கள், படத்தையும் ஃபைலில் சேர்த்துவிட்டுப் போனிலிருந்து நீக்குங்கள்.

10. நேத்து நோட்டையே காப்பி பண்ணி ஒட்டறாங்க. தப்பா எழுதினதை அழிக்கவும் செய்யறாங்க. ரெண்டும் சரியா?

இரண்டும் சரியில்லை. முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த சர்க்கரை நோயாளிக்கு ‘இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சீர்’ என்று மூன்று நாளாக வரும் நோட்டை யார் நம்புவது? அதன் பிறகு அந்த நர்ஸ் உண்மையாகவே பார்த்து எழுதியதையும் நம்ப முடியாது. தவறாக எழுதினால் காகிதத்தில் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதையும் கையெழுத்தையும் தேதியையும் போடுங்கள். வெள்ளை மை வேண்டாம். திரையில் ‘திருத்தம்’ என்று சேருங்கள், பழையது அடியில் இருக்கட்டும்.

11. கரண்ட் போனா, இல்ல சிஸ்டம் ஹேக் ஆனா என்ன பண்றது?

ஜூன் 2024இல் நாடே இதைப் பார்த்தது. அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசோதனை செய்யும் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையைப் பணம் பறிக்கும் மென்பொருள் தாக்கியது. ஆய்வகங்கள் வேலை செய்தன, ஆனால் ரிசல்ட் திரைக்கு வரவில்லை. அவசர ரிசல்ட்டுகளைப் போனில் சொன்னார்கள். ரகசியம் காப்பது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், வேண்டிய நேரத்தில் தகவல் கையில் இருப்பதும் நோயாளிக்கு நாம் பட்ட கடன்தான்.

போனில் ரிசல்ட் வந்தால் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். பெயரோடு அடையாள எண்ணையும் கேளுங்கள், காரணம் நான்காவது பதிலில் இருக்கிறது. சிஸ்டம் இல்லாத நேரத்துக்கான படிவக் கட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கரண்ட் வந்ததும் பதிவேற்றும்போது, மருந்து கொடுத்த நேரம் வேறு, தட்டச்சு செய்யும் நேரம் வேறு. இரண்டையும் எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் அதே மருந்தை இன்னொரு முறை கொடுக்கும்.

12. பதிமூணு வயசுப் பொண்ணு கருத்தடைக்கு வர்றா. அம்மா எனக்குத் தெரிஞ்சவங்க. சொல்லணுமா?

சொல்லக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 12 வயதிலிருந்து கருத்தடையைக் கேட்கலாம், அது ரகசியமாகவும் இருக்க வேண்டும். எச்ஐவி பரிசோதனைக்கும் 12 வயதில் தானே சம்மதம் தரலாம். வன்கொடுமை நடந்திருக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் மட்டும் புகாரளிக்கும் கடமை வருகிறது, அதையும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இந்தச் சட்டத்தைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் ரகசியம் நிற்காது என்று தெரிந்தால் அவள் கிளினிக்குக்கே வரமாட்டாள்.

நர்ஸ் வாய் திறக்காவிட்டாலும் சிஸ்டம் திறந்துவிடும் என்பதுதான் இதில் சிக்கல். அடுத்த வருகை நினைவூட்டல் பதிவில் உள்ள எண்ணுக்குப் போகும், அது அம்மாவின் எண்ணாக இருக்கும். தனியார் இடம் என்றால் மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டின் கணக்குத்தாள் அப்பாவுக்குப் போகும். ஆகவே ‘இந்த நம்பருக்கு மெசேஜ் வந்தா யார் படிப்பாங்க?’ என்று கேளுங்கள். பெரியவர்களிடமும் கேளுங்கள். 2014இல் தொடங்கிய மாம்கனெக்ட் என்ற அரசுச் சேவை கர்ப்பிணிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. கர்ப்பத்தை வீட்டில் இன்னும் சொல்லாத பெண்ணின் போன் கணவர் கையில் இருக்கலாம்.

13. ஏஐ ‘ஆபத்து குறைவு’ன்னு காட்டுது, என் கண்ணுக்கு அப்படித் தெரியலை. யாரைக் கேக்கறது?

உங்கள் கண்ணை நம்பி நோயாளியிடம் போங்கள், பிறகு திரைக்கு வாருங்கள். முதல் பதிலில் சொன்ன நான்கு படிகளில் இயந்திரம் எதைச் செய்கிறது என்று பாருங்கள். பழைய தரவில் என்ன இருந்ததோ அதைத்தான் திருப்பிச் சொல்கிறது. 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பதை முந்தைய மருத்துவச் செலவை வைத்துக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவு குறைவாக ஆகியிருந்தது, கவனிப்புக் குறைவாகக் கிடைத்ததால். இயந்திரம் அதை ‘நோய் குறைவு’ என்று படித்தது. நம் நாட்டில் தனியார் மெடிக்கல் எய்ட் தரவில் பழகிய கருவியை அரசு மருத்துவமனையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நீங்கள் கண்டதை உங்கள் சொற்களில் எழுதுங்கள்: ‘கருவி குறைவு என்கிறது, தோல் குளிர்ந்து வியர்த்திருக்கிறது, டாக்டரை அழைத்தேன், நேரம் இது.’ இன்னொன்று, நோட்டை அழகாக எழுதித் தரும்படி நோயாளி விவரத்தைப் பொது ஏஐ செயலியில் ஒட்டாதீர்கள். அது போகும் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ, நாட்டுக்கு வெளியே தகவல் அனுப்புவதற்கும் போப்பியாவில் நிபந்தனை இருக்கிறது.

14. ‘இதை மட்டும் கம்ப்யூட்டர்ல போடாதீங்க சிஸ்டர்’னு நோயாளி கையைப் பிடிச்சுக் கெஞ்சினா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆள்தான் பயம். கணவர் அதே மருத்துவமனையில் போர்ட்டர், நாத்தனார் ரிசப்ஷனில் என்று ஏதாவது இருக்கும். யார் என்று தெரிந்தால் வழி இருக்கிறது.

பதிவே செய்யாமல் விட முடியாது. அவர் எச்ஐவி மாத்திரை எடுக்கிறார் என்பது தெரியாமல் காசநோய் மருந்து எழுதினால் ஒன்றின் அளவை மற்றது குலைக்கும். மாத்திரை விழுங்கித் தற்கொலைக்கு முயன்றதை எழுதாவிட்டால், அடுத்த ஷிஃப்ட் முழு மருந்துப் பெட்டியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். ‘எழுதலைம்மா’ என்று தலையாட்டிவிட்டு அவர் போனதும் எழுதுவதும் துரோகம். ‘எழுதியாகணும், யார் பாக்க முடியும்னு சொல்றேன்’ என்று ஆரம்பியுங்கள். உங்களுக்கே பட்டியல் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

பிறகு எழுதும் விதம். கவனிப்புக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். கணவரோடு சண்டை எப்படி ஆரம்பித்தது, யார் யாரைத் திட்டினார்கள் என்ற கதை வேண்டாம். படுக்கைத் தலைமாட்டு அட்டையிலும், ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்ட்ஓவர் சீட்டிலும் நோயின் பெயர் வேண்டாம். சிஸ்டத்தில் சிலர் மட்டுமே பார்க்கும்படி தடைபோட்ட குறிப்புப் பகுதி இருந்தால் அங்கே எழுதுங்கள். அவர் பெயர் சொன்ன அந்த ஆள் இந்த ஃபைலைத் திறந்தாரா என்று ஏழாவது பதிலில் சொன்ன தடத்தைச் சரிபார்க்கும்படி பதிவுப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். நோயாளியும் அப்படிக் கேட்கலாம் என்பதை அவரிடமே சொல்லுங்கள், பலருக்கு அது தெரியாது.